சாராள் வீட்டுக்கு வந்த கடல்

சாராள் ஒருவருடைய கஷ்டத்தை முழுதாகக் கேட்டு முடித்தால், கடல் அவள் வீட்டை நோக்கி ஓர் அடி வரும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் புன்னைமேட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கரை முழுவதும் வராது. அவள் வீட்டின் முகப்பு இருபத்திரண்டு அடி. அந்த அகலத்துக்கு மட்டும் ஒரு கீற்றாக வரும். இரண்டு பக்கமும் மணல் காய்ந்தே கிடக்கும். படகுகள் இழுத்துப் போட்ட இடத்தில் அப்படியே இருக்கும். ஆடுகள் ஓரமாக நின்று தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும்.

வேதியியல் படித்து முடித்த அடுத்த மாதமே, 2016இல், அவள் செங்கல்பட்டில் ஓர் அறக்கட்டளையில் களப்பணியாளராகச் சேர்ந்தாள். பதினாறு ஊர்களில் பெண்களைக் குழுவாகச் சேர்த்துத் தொழில் தொடங்கவைப்பது வேலை. அதிகம் பேசாத பெண் என்பதால் மூன்று மாதம் தாங்கமாட்டாள் என்று அலுவலகத்தில் நினைத்தார்கள். அவள் எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருவாள். கையில் பேனா இருக்காது. "கவலைப்படாதீங்க" என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்கிறவர் நிறுத்தினால் அவளும் சும்மா இருப்பாள். மீதியும் தானாக வந்துவிடும். அப்படிச் சொல்லி முடித்த பெண்கள் எழுந்து புடவையை உதறிக்கொண்டு, மறுநாள் காலையில் ஏதாவது ஒரு வேலையைத் தொடங்கினார்கள். நான்கு வருடத்தில் படூரில் ஒரு கொட்டகை எடுத்து, அறுபது பேர் சேர்ந்து சமையல்கூடம் நடத்தினார்கள். சிறுசேரி அலுவலகங்களுக்கு மூன்று வேன்களில் சாப்பாடு போனது. அந்த நான்கு வருடத்தில் கடல் நானூறு அடி வந்திருந்தது.

படித்த படிப்பின் பழக்கத்தில் சாராள் இதைச் சோதித்துப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று நினைத்தபடி கேட்ட நாளில் கடல் ஓர் அங்குலமும் நகரவில்லை. போனில் கேட்டால் அரை அடி. மனுவாக எழுதிக் கொடுத்தால் ஒன்றும் இல்லை. அறக்கட்டளையின் இயக்குநர் வெங்கடராகவன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் பதிவில் வைக்காமல் விடமாட்டார். ஆண்டறிக்கையில் பயனாளிகள் எண்ணிக்கைக்குக் கீழே "கடல்: 412 அடி" என்று ஒரு வரி சேர்த்தார். "கொஞ்சம் அரைகுறையாக் கேளேம்மா, என்ன குறைஞ்சுபோயிடும்?" என்று ஒருமுறை கேட்டார். அவள் முயற்சி செய்தாள். அந்த மாதம் இரண்டு குழுக்கள் உடைந்தன. அவர் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

வீடு அவள் அப்பா ஏசுபாதம் கட்டியது. அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் உழைத்துவிட்டு அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டவர்கள். ஏசுபாதம் சிறுசேரியில் கட்டடங்கள் எழும்பிய காலத்தில் கொத்தனாராகப் போய், பதினோரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சொந்தச் சுவரை எழுப்பினார். அவர்கள் குடும்பத்தில் பட்டாவில் பெயர் ஏறிய முதல் ஆள் அவர்தான். தினமும் சாயங்காலம் தண்ணீர் நின்ற இடத்தில் சிவப்புத் துணி கட்டிய ஒரு மூங்கில் குச்சியை நடுவார். மகள் பஸ்ஸை விட்டு இறங்கினால், "இன்னா புள்ள, இன்னிக்கு மூணு பேரா?" என்பார். "மூணு பேருதான் நைனா." "அதான பாத்தேன், மூணடி தள்ளிகினு வந்துகீது." அதற்குமேல் கேட்கமாட்டார். கேட்டால் அதுவும் ஒரு கஷ்டமாகி ஓர் அடி சேர்ந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

2022இல் குச்சிக்கும் வாசற்படிக்கும் நடுவே நாற்பது அடி இருந்தது. சமையல்கூடத்தின் தலைவி சம்பூர்ணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புன்னைமேட்டுக்கு வந்து, அந்த நாற்பது அடியைக் காலால் அளந்து பார்த்தாள். மறுநாள் சாராள் இல்லாத நேரத்தில் கூட்டம் போட்டாள். "நம்ம பொலம்பலாலதான் அந்தப் பொண்ணு வூடு போவுது. இன்னாத்துக்குடி நமக்கு வாய்?" என்றாள். இனி சாராள் மேடத்திடம் யாரும் கஷ்டம் சொல்லக்கூடாது, நல்ல சேதி மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். அறுபது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பாசத்தில் போட்ட கையெழுத்துகள்.

மற்ற ஊர்க் குழுக்களும் அதையே பின்பற்றின. எட்டு மாதம் கடல் அசையவில்லை. ஏசுபாதம் வீட்டுக்கு வெளிர்பச்சை அடித்தார். சாராள் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் ஆனாள், மேடையில் சால்வை போட்டார்கள், மக்களை மனதால் புரிந்து நடத்துவது எப்படி என்று மதுராந்தகத்தில் வகுப்பு எடுத்தாள். சமையல்கூடத்துக்குப் போகும்போதெல்லாம் அறுபது பேரும் சிரித்தார்கள். எல்லாச் சிரிப்பும் ஒரே அளவில் இருந்தது. யாருக்கும் தலைவலி இல்லை, யார் புருஷனும் குடிக்கவில்லை, எந்தப் பிள்ளையும் பரீட்சையில் தோற்கவில்லை. சாராளுக்குப் புரிந்தது. முதல் வாரமே புரிந்துவிட்டது. ஆனால் அவள் கேட்கவில்லை. சாயங்காலம் குச்சி நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, நீராவி பாய்லரைக் கவனிக்கும் கவியா அவளைத் தேடிச் சமையல்கூடத்து வாசல்வரை வந்தாள். முழங்கையில் ஒரு துணியைச் சுற்றியிருந்தாள்.

"அக்கா..."

"என்ன கவியா?"

உள்ளேயிருந்து சம்பூர்ணம் பார்த்துக்கொண்டிருந்தாள். கவியா சிரித்தாள். "ஒண்ணுமில்லக்கா. சாம்பார் எப்டி இருந்துச்சு?"

சாராள் துணியைப் பார்த்தாள். பக்கத்தில் உட்காரத் திண்டு இருந்தது. அவள் நாற்பது அடியை நினைத்தாள். "நல்லா இருந்துச்சு" என்று சொல்லி வண்டியில் ஏறினாள்.

மறுநாள் காலை ஒன்பது இருபதுக்கு பாய்லர் வெடித்தது. கொட்டகைக் கூரை பக்கத்துக் கல்லூரி மைதானத்தில் போய் விழுந்தது. மற்றவர்கள் காய்கறி இறக்க வெளியே நின்றதால் தப்பினார்கள். உள்ளே இருந்தது கவியா மட்டும். நீராவி கசிந்து சோறு வேகவில்லையென்று, பத்து நாளாக அவள் சேஃப்டி வால்வைக் கம்பியால் கட்டி வைத்திருந்தாள். அறுபது பேருக்கும் அது தெரியும். சாராளிடம் மட்டும்தான் யாரும் சொல்லவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் கவியாவுக்குப் பேச்சு வந்தது. சாராள் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லு" என்றாள். "வேணாங்க்கா, வூடு" என்றாள் கவியா, கட்டுக்குள்ளிருந்து. "சொல்லு கவியா" என்றாள் சாராள் மறுபடியும். காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் ஒன்றரை வரை கவியா சொன்னாள். பாய்லரில் தொடங்கி, கையெழுத்துப் போட்டதற்குப் போய், பிறகு அதற்கும் முந்தின, இதுவரை ஒருவரிடமும் சொல்லாத விஷயங்களுக்குப் போனாள். பைக்குள் போன் அதிர்ந்தது. ஐந்து முறை அதிர்ந்தது. அப்பாதான் என்று சாராளுக்குத் தெரியும். ஏன் கூப்பிடுகிறார் என்பதும் தெரியும். அவள் கவியாவின் முகத்தில் கண் தெரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு ஏசுபாதம் வந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. ஒரு கையில் பைபிள், ஒரு கையில் சாவி.

"வூடு நைனா?"

"கீது. நாப்பதடியும் ஒரே மூச்சுல வந்துடுச்சு, உள்ள தண்ணி கீது." பைபிளைக் கட்டில் ஓரமாக வைத்துவிட்டு, "ஒண்ணியும் ஒடைக்கல. கதவத் தொறந்து வுட்டேன், மரியாதையா வந்துச்சு" என்றார். பிறகு கவியாவைப் பார்த்து, "நீ இன்னா சாப்ட்ட கண்ணு?" என்று கேட்டார்.

வீட்டோடு நின்றுவிடும் என்று ஊரார் நினைத்தார்கள். அப்பாவும் மகளும் செங்கல்பட்டில் வாடகைக்குக் குடிவந்த மறுவாரம், கடல் பின்கதவு வழியாக வெளியே வந்தது. அதே இருபத்திரண்டு அடி அகலத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்தது. நெடுஞ்சாலைக்காரர்கள் அதன்மேல் ஒரு சிறு பாலம் போட்டார்கள். சமையல்கூடத்துப் பெண்கள் பழைய தீர்மானத்தைச் சிவப்பு மையால் அடித்தார்கள், புது பாய்லர் வாங்கினார்கள், கவியா மிஞ்சிய இடது கண்ணோடு திரும்பி வந்து வால்வைத் தினமும் இரண்டு முறை திறந்து பார்த்தாள். கஷ்டத்துக்கு ஓர் அடி என்பது இப்போது இல்லை; ஒருவர் சொன்னால் ஒரு வயல் தாண்டுகிறது. காப்பாற்ற எதுவும் இல்லாமல் கேட்கிறாள், அதனால் இருக்கலாம். போன வருடம் செங்கல்பட்டை நோக்கித் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியது. வழியில் யாருடைய வீட்டுக்குள்ளும் அது போகவில்லை. கிணறுகளை மட்டும் உப்பாக்காமல் விடவில்லை.

இப்போது சாராள் அறக்கட்டளையின் இயக்குநர். ஒன்பது களப்பணியாளர்கள் அவளிடம் வேலை கற்றுக்கொள்கிறார்கள். அவர்களில் அதிதி படூரில் ஏழாவது மாடியில் குடியிருக்கிறாள். போன மாதம் அவளுக்கும் முழுதாகக் கேட்க வந்துவிட்டது; அன்றிலிருந்து அவள் வீட்டுக் குழாயில் உப்புத் தண்ணீர் வருகிறது. சாராளிடம் வந்து சொன்னாள். சாராள் முழுதாகக் கேட்டாள்.

ஏசுபாதம் தினமும் பஸ் ஏறிப் போய் குச்சியை நட்டுவிட்டு வருகிறார். நேற்று நடந்தே போய்விட்டு வந்தார். கஷ்டம் சொல்ல வருகிறவர்கள் உட்காருவதற்குமுன், "எங்க வந்து நிக்குது?" என்று விசாரிக்கிறார்கள். பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சொல்லத் தொடங்குகிறார்கள். அலுவலகத்தில் கோப்புகளை எல்லாம் மேல் தட்டுக்கு மாற்றியாகிவிட்டது.