மூடியில் ஒரு மஞ்சள் கோடு

ஆர்லோவின் டிரெய்லர் வளைவில் திரும்பும்போதே அதில் என்ன இருக்கிறதென்று வெர்லினுக்குத் தெரிந்துவிட்டது. தார்ப்பாய்க்கு வெளியே இரும்பு இருக்கை நீட்டிக்கொண்டிருந்தது. இலை வடிவத்தில் துளைகள் இட்ட இருக்கை. தோர்சன் வீட்டுக் கொட்டகைக் கதவு திறந்திருக்கும் நாட்களில் சாலையோரம் காரை நிறுத்தி, கோழிகளுக்குப் பின்னால் அது இருட்டில் நிற்பதை அவர் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் இன்னொருவனுக்கும் ஆசை வரும்.

குதிரை பூட்டி ஓட்டும் பழைய புல்வெட்டி. வெர்லினின் கொட்டகையில் அப்படிப் பதினொன்று நின்றன. இந்த வகை அதில் ஒன்றுதான், அதுவும் பாதி உடைந்தது.

கிழவர் தோர்சன் பனிக்காலத்தில் இறந்துபோனார். ஒருவர் இறந்தால், அவர் நிலத்தில் அடுத்த புல்லறுப்பு முடியும்வரை அவருடைய இயந்திரங்களை யாரும் விலை கேட்பதில்லை. அந்தப் பக்கத்தில் அதுதான் மரியாதை. வெர்லின் காத்திருந்தார். தோர்சன் நிலத்தில் புல் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"விலை கேட்டியா?" என்றார்.

"நான் எங்கடா கேட்டேன்? தோர்சன் வீட்டம்மாவுக்கு வெறகு பொளந்து குடுத்தேன். 'இதை எடுத்துட்டுப் போயிடு ஆர்லோ, கோழி மிதிக்க எடமில்ல'ன்னாங்க." ஆர்லோ சிரித்தார். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இந்தப் பைத்தியம் அவருக்குப் பிடித்ததே வெர்லினிடமிருந்துதான்.

ஆர்லோ தார்ப்பாயை விலக்கினார். சாணமும் தூசியும் விரல் கனத்துக்கு அப்பியிருந்தன. கருவிப்பெட்டியின் மூடியைச் சட்டைக் கையால் தேய்த்தார். அடியில் சிவப்பு. சிவப்பின் விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு, மயிரிழை அகலத்தில். தொழிற்சாலையில் யாரோ கையால் இழுத்த கோடு. வெர்லின் பார்வையைக் குதிரை லாயத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய பதினொன்றில் ஒன்றுக்கும் பிறந்த நிறம் இல்லை.

"இதை என்னடா செய்யலாம்? நீ சொல்றதுதான்" என்றார் ஆர்லோ.

ஈரத்துணியால் துடை, ஆளிவிதை எண்ணெய் பூசு, அப்புறம் கையே வைக்காதே. அதைத்தான் சொல்லவேண்டும்.

"சொரண்டி எடுத்துடு" என்றார் வெர்லின். "டவுன்ல மணல் பீச்சுற பட்டறை இருக்கில்ல, அங்க குடு. அப்புறம் புதுச் செவப்பு அடி."

"எல்லாத்தையுமா?"

"உள்ள துரு இருக்கும்டா."

நாளைக்கு மழை வரும் என்பதுபோல அதைச் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டில் மனைவி லவோன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆர்லோவுக்கு அப்படி என்ன கெடச்சுதுன்னு சூப்பைக் கிண்டிக்கிட்டே இருக்க?"

"ஒரு புல்வெட்டி."

"ஒனக்குத்தான் பதினொண்ணு இருக்கே. அவனுக்கு ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமே."

தொலைபேசி அவர் கைக்கெட்டும் சுவரில்தான் இருந்தது. இயந்திரம் பட்டறைக்குப் போகும்வரை அவர் அதைத் தொடவில்லை.

ஆகஸ்டில் நடந்த பழைய இயந்திரக் கண்காட்சியில் ஆர்லோவின் புல்வெட்டி மிட்டாய்போல் மின்னியது. பிள்ளைகள் இருக்கையில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். வெர்லினின் வரிசைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. அயோவாவிலிருந்து வந்திருந்த ஒருவர் மட்டும், ஊர் ஊராய்ப் போய்ச் சேகரிப்பவர், குனிந்து ஆர்லோவின் வண்டியின் அடிப்பகுதியைத் தடவிப் பார்த்தார்.

"தோர்சன் வச்சிருந்தாரே, அதுவா?"

"அதேதாங்க."

"யாரு இப்படிப் பண்ணச் சொன்னது?"

"இவன்தான்!" ஆர்லோ வெர்லினின் தோளைத் தட்டினார். "எனக்கு எல்லாமே இவன் சொல்லிக்குடுத்ததுங்க."

அயோவாக்காரர் வெர்லினைப் பார்த்தார். கழற்றியிருந்த தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலியோரம் போய் நின்றார்.

ஆர்லோவின் சிரிப்பு சற்று நேரம் முகத்தில் தங்கியிருந்துவிட்டு இறங்கியது. ஓட்டிக் காட்டுவதற்காகப் பூட்டியிருந்த குதிரைகளின் வாரை இழுத்துப் பார்த்தார். ஏறுமுன் கருவிப்பெட்டியிலிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து வெர்லினிடம் நீட்டினார்.

"ஒன்னோடதுல பெட்டிக்கு மூடி இல்லன்னு சொல்லுவியே. இதை மட்டும் பட்டறைக்கு அனுப்பல. எனக்குப் புதுசு ஒண்ணு வார்த்துக்கிட்டேன்." கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொண்டார். "சும்மா ஈரத்துணியில துடைச்சேன்டா. துரு எதுவும் இல்ல."

வெர்லின் அவர் முகத்தைத் தேடினார். அதற்குள் ஆர்லோ இருக்கையில் ஏறிக் குதிரைகளின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி நகர்ந்தது. பற்சக்கரங்கள் பிடித்துக்கொண்டன. கத்திகள் தடதடக்க, நின்ற புல் ஒரே சீராகச் சரிந்து படுத்தது. அந்தச் சத்தத்தில் ஒரு பிசிறு கிடையாது. தன்னுடையது எதுவும் இப்படி ஓடாது என்று வெர்லினுக்கு அப்போதும் தோன்றியது.

துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அயோவாக்காரர் வேலியிலிருந்து திரும்பி அவர் பக்கம் வந்துகொண்டிருந்தார். வெர்லின் மூடியைக் கவிழ்த்து, மஞ்சள் கோடு உள்பக்கம் இருக்கும்படி, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வெயிலில் இரும்பு சூடேறிக்கொண்டிருந்தது.