வரிசையில் ஒரு மட்டை

தையல்காரி நின்றிருந்த எடைக் கருவியின் முள்ளை டாக்டரம்மா விரலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. போன தடவையைவிட ஏறித்தான் இருந்தது.

"விளையாடச் சொன்னேனே, போறீங்களா?"

"போறேன் டாக்டர். ஒரு நாள் விடாம போறேன்."

"என்ன விளையாட்டு?"

"ஷட்டில்."

"ஷட்டில் ஆடுறவங்களுக்கு ஒண்ணு எடை குறையும், இல்லன்னா முட்டி தேயும். உங்களுக்கு ரெண்டுமே நடக்கலையே!"

சிரித்துவிட்டு டாக்டரம்மா முகத்தை மாற்றிக்கொண்டார். சர்க்கரை இப்போது வாசற்படியில் நிற்கிறது, அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தால் அது உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் மாத்திரைதான் என்றார்.

தையல்காரி தலையை ஆட்டினாள். மாத்திரை எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய அம்மா அரை மாத்திரையில் தொடங்கியவள். போய்ச் சேரும்போது வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. தையல்காரி மிஷினை மிதிப்பதும் வலது காலால்தான். படியிறங்கும்போது செருப்புக்குள் விரல்களை ஒரு தடவை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

டாக்டரம்மாவிடம் அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தினமும் போகிறாள்தான். ஆடுகிறாளா என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

அவளை அங்கே கூட்டிப்போனவள் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. வங்கியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, சாயங்காலமானால் அரைக்கால் சட்டையும் முட்டிப் பட்டையும் மாட்டிக்கொண்டு ஆட வருகிறவள். "வாங்கக்கா, நாள் முழுக்க மிஷின்ல குந்திக்கிட்டே இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று கையைப் பிடித்து இழுத்தாள். புருஷன் உற்சாகமாக மட்டை வாங்கித் தந்தான். மகள் தன் சேமிப்பிலிருந்து காலுறை வாங்கித் தந்தாள். இவ்வளவு பேர் கூடி அனுப்பிவைத்தால் தேர்கூட நகர்ந்துவிடும். அவளும் நகர்ந்தாள்.

கூடத்தில் ஒரே ஒரு ஆட்டக்களம்தான். ஆட வருகிறவர்கள் அதிகம். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வந்ததும் சுவரோரத் திண்டில் மட்டையை வரிசையாக வைத்துவிட வேண்டும். ஜெயித்த ஜோடி உள்ளேயே நிற்கும், தோற்ற ஜோடி வெளியே வரும், வரிசையில் முதலில் இருக்கும் இரண்டு மட்டைக்காரர்கள் உள்ளே போவார்கள். எழுதி ஒட்டாத சட்டம். ஆனால் அதை மீறினால் அடிதடி.

முதல் நாள் அவள் மட்டையை வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே ஒரே சண்டை. பத்தா பதினொன்றா என்று மெக்கானிக்கும் மருந்துக்கடைக்காரரும் வலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். கூட ஆடிய ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருக்கே தெரியவில்லை.

"அக்கா, சும்மாதானே இருக்கீங்க, கொஞ்சம் எண்ணுங்களேன்" என்றாள் ஓரகத்தி.

எண்ணினாள். இடுப்பு, தோள், கைநீளம் என்று நாள் முழுக்க எண்களைத் தலைக்குள் அடுக்கி வைக்கிற தொழில் அவளுடையது. ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். அன்றைக்குச் சண்டை இல்லை. மறுநாளும் இல்லை. "ஸ்கோர் அக்கா வந்தாச்சு, இனிமே நீதிமன்றம் வேணாம்" என்றார் மருந்துக்கடைக்காரர். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் பெஞ்சில் ஒட்டிக்கொண்டாள்.

அவள் மட்டை வரிசையில் முதலாவதாக வரும்போதெல்லாம் யாராவது அதை எடுத்துப் பின்னால் வைப்பார்கள். "அக்கா எண்ணுறாங்கல்ல?" என்பார்கள். திருட்டுத்தனமாக அல்ல, மரியாதையாகத்தான் வைப்பார்கள். சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒருவனைச் சேர்த்துக்கொள்வார்களே, அவனாவது களத்துக்குள் நிற்பான். இவளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ஆட்டம் முடிந்தால் தேநீர். மருந்துக்கடைக்காரர் கேக் வாங்கி வருவார். ஓடிக் களைத்தவர்கள் ஒரு துண்டு எடுப்பார்கள். எண்ணிக் களைத்தவளுக்கு இரண்டு துண்டு வரும். "நம்ம அக்காவுக்குக் கொடுங்கப்பா!" வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. இத்தனை வயதில் நாலு பேர் சேர்ந்து அவளை 'நம்ம அக்கா' என்று கூப்பிட்டது இங்கேதான். கணக்கு வாத்தியார் கால்சட்டை தைக்க அவளிடமே வந்தார். புருஷனின் வண்டி நின்றுபோனபோது மெக்கானிக் வீட்டுக்கே வந்து சரிசெய்தார். வாய் திறந்து ஒன்று கேட்டு, அவர்கள் முகம் சுருங்கிவிட்டால்?

புருஷனோ கடைத்தெருவெல்லாம் தண்டோரா போட்டிருந்தான். "என் பொண்டாட்டி ஷட்டில் ஆடுறா, தெரியுமா?"

மகள்தான் ஒரு நாள் ஷூவைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். "என்னம்மா, அடி தேயவே இல்ல? பறந்து பறந்து ஆடுறியா?"

"வச்சிட்டுப் போய்ப் படிடி."

எடை பார்த்து வந்த அன்று சாயங்காலம் அவள் எல்லோருக்கும் முன்னால் கூடத்துக்குப் போனாள். திண்டில் தன் மட்டையை முதலாவதாக வைத்தாள். முதல் ஆட்டத்துக்கு நால்வர் தயாரானபோது வாயைத் திறந்தாள்.

"இன்னைக்கு நானும் ஒரு ஆட்டம் ஆடுறேன்."

"தாராளமா ஆடுங்கக்கா" என்றாள் ஓரகத்தி. "இது முடியட்டும்."

அது முடிந்தது. "இதோ, இது ஒண்ணு. ஆடின சூடு ஆறிடும்" என்றார் மெக்கானிக். அதுவும் முடிந்தது. "வாத்தியார் சீக்கிரம் போகணுமாம், அவர் ஆடிட்டுப் போகட்டும்." வாத்தியார் ஆடினார், போகவில்லை. ஓரகத்தியும் மெக்கானிக்கும் ஜோடி. ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள், ஜெயித்ததால் உள்ளேயே இருந்தார்கள். தையல்காரியின் மட்டை முதலாவது இடத்திலிருந்து கடைசிக்குப் போய், ஊர்ந்து முதலாவதாக வந்து, மறுபடி கடைசிக்குப் போனது.

அவளுக்கு உள்ளுக்குள் கொதித்தது. பால் பொங்கினால் அடுப்பையாவது அணைக்கலாம். இது வெளியே வழியவும் இல்லை, அடங்கவும் இல்லை. தனக்குப் பதிலாக எண்ண ஓர் ஆள் வேண்டும். மற்றவர்களிடம் கேட்கக் கூச்சம். ஓரகத்தி சொந்தக்காரி, அவளிடம் 'நீ எண்ணு' என்று சொல்லலாம். ஆனால் அவள் தோற்று வெளியே வந்தால்தானே?

பந்தின் இறகு பிய்ந்துவிட்டது. புதுப் பந்து எடுக்கப் போனார்கள். ஆளாளுக்குத் தண்ணீர் குடித்தார்கள். ஓரகத்தியின் பக்கம் பதினேழு, எதிரே மருந்துக்கடைக்காரரும் வாத்தியாரும் பதினாறு.

"எவ்வளவுக்கா?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

"பதினாறு, பதினாறு" என்றாள் தையல்காரி.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. காது மடல் சுட்டது.

பந்து போட வேண்டியவள் ஓரகத்தி. ஒற்றைப்படை எண் என்றால் இடப்பக்கம் நின்று போட வேண்டும், இரட்டைப்படை என்றால் வலப்பக்கம். பதினேழுக்காக அவள் ஏற்கெனவே இடப்பக்கம் போய் நின்றிருந்தாள். அங்கிருந்து தையல்காரியை ஒரு பார்வை பார்த்தாள்.

"பதினேழு இல்ல?" என்றார் மெக்கானிக்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஓரகத்தி வலப்பக்கம் நகர்ந்தாள்.

அந்த ஒரு புள்ளிதான் உயிர். இருபத்தொன்று, பத்தொன்பது என்று ஆட்டம் முடிந்தபோது மெக்கானிக் மட்டையைத் தொடையில் அடித்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் வலைக்கு அந்தப் பக்கம் நடனமே ஆடினார். ஓரகத்தி வந்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

'நீ எண்ணு' என்று சொல்லத் தையல்காரி வாயெடுத்தாள். அதற்குள் ஓரகத்தி தண்ணீர்ப் புட்டியை வாயருகே வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னாள்: "ஒரு புள்ளிய முழுங்கிட்டீங்க."

தையல்காரி அவள் பக்கம் குனிந்தாள். "தெரிஞ்சா ஏன் வாயத் தொறக்கல?"

ஓரகத்தி முட்டிப் பட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். முட்டி பன்னு மாதிரி உப்பியிருந்தது. பட்டை பதிந்த தடம் சிவந்து கிடந்தது.

"அடிப்பாவி! இதோடவா குதிக்கிற?"

"சத்தம் போடாதீங்க. ஒரு மாசமா இப்படித்தான்."

"வீட்ல இருந்து தொலைக்கிறதுதானே?"

"வீட்ல யாரு இருக்கா, உங்க கொழுந்தனார். சோபாவுக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியல. ஆபீஸ்ல கண்ணாடி வழியா திட்டு. இங்க வந்தாதான்கா நாலு பேர் கை தட்டுறாங்க. முட்டி வலிக்குதுன்னு ஒரு நாள் சொன்னா போச்சு, மறுநாள் 'நீங்க உக்காந்து பாருங்க மேடம்'னுடுவாங்க." பட்டையை மேலே இழுத்துவிட்டாள். "தோத்து வெளிய வந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆனா எங்க ஜோடி தோக்க மாட்டேங்குதே! அதான்கா, ஒரு உதவி. தினமும் ரெண்டு ஆட்டம் முடிஞ்சதும் இதே மாதிரி ஒரு புள்ளியத் தள்ளிடுங்க. நீங்க எண்ணினாதான் சந்தேகம் வராது."

தையல்காரி அவளையே பார்த்தாள். வாழ்க்கையில் முதன்முதலாகச் செய்த களவு. இந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கத்தான் செய்தாள். அதையே ஆணியாக வாங்கி, அவளை பெஞ்சோடு சேர்த்து அடிக்கிறாள் இவள். அதுவும் 'உதவி' என்று பெயர் வைத்து.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் திண்டருகே போய், முதலாவதாக இருந்த மட்டையை எடுத்துக் கடைசியில் வைத்தார். "அக்கா எண்ணுவாங்க. அடுத்த ரெண்டு பேர் வாங்கப்பா."

"தோக்கணும்னா நீயே தோத்துக்கோ!" என்றாள் தையல்காரி. "அதுக்கும் நானா ஆளு?"

குரல் கூடத்தின் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். எல்லோரும் திரும்பினார்கள். இனி உட்கார முடியாது. எழுந்தாள்.

"போன ஆட்டத்துல நான் தப்பா சொன்னேன். பதினேழு, பதினாறுதான் சரி. வேணும்னே சொன்னேன். இனிமே என்னை எண்ணச் சொல்லாதீங்க. சொன்னா இன்னும் தப்பாத்தான் எண்ணுவேன்."

மருந்துக்கடைக்காரரின் முகத்தில் நடனம் பாதியில் நின்றுபோயிருந்தது.

"நம்ம அக்காவா?" என்றார் வாத்தியார், யாரோ செத்துப்போனதைக் கேட்பது போல.

மெக்கானிக்தான் முதலில் முழித்துக்கொண்டார். "அப்ப அந்த ஆட்டம் செல்லாது! பதினேழு, பதினாறுலேருந்து ஆடணும். மேடம், எந்திரிங்க, நாமதான் உள்ளே!"

ஓரகத்தி எழுந்திருக்கவில்லை. தையல்காரியைப் பார்த்த பார்வையில் மிளகாய் இருந்தது.

"மேடம்?"

"நான் வரல."

"ஜெயிக்கிற ஆட்டம் மேடம்!"

"முட்டி வீங்கிக் கெடக்குதுய்யா! நடக்கவே முடியல, வரலன்னா விடேன்!" என்று கத்தினாள் ஓரகத்தி. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள்: "இப்ப சந்தோஷமா?"

"இல்ல" என்றாள் தையல்காரி. உண்மையாகவே இல்லை. திண்டுக்குப் போய், கடைசியில் கிடந்த தன் மட்டையை எடுத்துக்கொண்டு களத்துக்குள் இறங்கினாள். மெக்கானிக்குக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்ப யாரு எண்ணுறது?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவரே பந்தை மேலே தூக்கி அடித்து ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். பந்து போட வேண்டியது அவர் பக்கமே இல்லை என்பதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை.

முதல் பந்து நேராக அவள் தலைக்கு மேலே வந்தது. மெக்கானிக் குறுக்கே பாய்ந்து அடித்தார். அடுத்ததும் அவளுக்குத்தான் வந்தது. அதையும் அவரே அடித்தார். அதற்கடுத்ததை அடிக்க அவர் வந்தபோது அவர் முழங்கை அவள் காதில் பட்டது.

"விடுய்யா! அது என்னுது!"

"அக்கா, உங்களுக்கு எட்டாதுன்னு..."

"எட்டலன்னா நான் பாத்துக்கறேன்."

எட்டத்தான் இல்லை. மட்டை காற்றை வீசியது, பந்து காலடியில் விழுந்தது. அடுத்தது வலையில் மோதியது. அடுத்தது கூரையைத் தொட்டது. எதிரே பதினாறு எங்கே போய் நிற்கிறதென்று தெரியவில்லை. மெக்கானிக் பதினேழு, பத்தொன்பது என்றார், வாத்தியார் பதினேழு, இருபது என்றார். இருவரும் வலைக்கு வந்து பழையபடி கத்தத் தொடங்கினார்கள். தையல்காரிக்குச் சரியான எண் தெரியும். சொல்லவில்லை. இடுப்பில் கையூன்றி நின்றாள். மூச்சு உலைத் துருத்தி மாதிரி போய் வந்துகொண்டிருந்தது. முதுகு நனைந்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது. கெண்டைக்கால் நடுங்கியது.

பெஞ்சில் ஓரகத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீடு வரைக்கும் இவளோடுதான் நடந்து போக வேண்டும். நாளைக்குக் கொழுந்தன் வீட்டுக் கதவு எப்படித் திறக்கும் என்று தெரியாது. இன்றைக்குக் கேக் வருமா என்பதும் சந்தேகம்தான்.

"இருபதேதான்!" என்றார் வாத்தியார். "அக்கா, நீங்களே சொல்லுங்க!"

"எனக்குத் தெரியாது."

"முகமெல்லாம் செவந்துபோச்சேக்கா" என்றார் மெக்கானிக், கொஞ்சம் பயந்து. "வேணும்னா கொஞ்ச நேரம் வெளிய உக்காருறீங்களா?"

"வாத்தியாரே," என்றாள் தையல்காரி, "பந்தைப் போடுங்க."