நீலத்தாளில் மூன்று பேர்

இடது பக்கம் வெட்டி முடித்து வலது பக்கத்தில் சீப்பை வைத்த நேரத்தில்தான் சலூன்காரரின் மகள் உள்ளே வந்து, பள்ளிக்கூடப் பையைப் பெஞ்சில் இறக்கிவிட்டு, "அப்பா, பொம்மை வெட்டணும்" என்றாள். அவர் கை நின்றுவிட்டது. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேன். ஒரு பக்கம் ஆபீசர், மறுபக்கம் கரடி. இந்த லட்சணத்தில் பஸ்ஸில் ஏறி டிக்கெட் கொடுத்தால் சில்லறை பாக்கி கேட்கிறவன்கூடக் கேட்க மாட்டான். நல்ல வேளை, சாயங்கால டிரிப்புக்கு இன்னும் நேரம் இருந்தது.

"இவர முடிச்சிட்டு வெட்டலாம் பாப்பா."

"நாளைக்கு மிஸ் கேப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அடம் பிடிக்கவில்லை, சிணுங்கவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை அடம் பிடித்தால் அதட்டலாம், மிட்டாய் வாங்கிக் கொடுத்து ஏமாற்றலாம். இப்படிப் பெரிய மனுஷிபோல் சொல்லிவிட்டு நிற்கிற பிள்ளையை என்ன செய்வது? "போய் வெட்டிக் குடுங்கண்ணே. என் முடி எங்க ஓடிப் போகப் போவுது" என்றேன்.

அந்த வீட்டுக் கதை எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் வந்த காய்ச்சலில் அவர் மனைவி போய்ச் சேர்ந்தாள். கைக்குழந்தையை அவளுடைய தங்கை தூக்கிக்கொண்டு போனாள். பெண்ணையும் தானே வளர்ப்பதாக இப்போது சொல்கிறாளாம். கெட்ட எண்ணமில்லை. காலையிலிருந்து ராத்திரிவரை கடையில் நிற்கிற மனிதர் பெண் குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பதுதான் அவள் கவலை. ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். சற்று முன்னால் என் காதோரம் வெட்டும்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "பாப்பாவக் கேக்கணும் கண்டக்டரே. வாயே வர மாட்டேங்குது. போறேன்னு சொல்லிட்டா நான் எதுக்கு வீட்டுக்குப் போகணும்?" அம்மா போனதிலிருந்து அந்தப் பெண் அவர் எதிரில் 'அம்மா' என்ற வார்த்தையையே எடுக்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் கைகோத்து நிற்கிற மாதிரி ஒரே தாளில் வெட்டி வர வேண்டும். அதுதான் மிஸ் சொன்ன வேலை. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். இவளுக்கு நீலம். அதைப் புத்தகத்துக்குள் வைத்துக் கசங்காமல் கொண்டுவந்திருந்தாள். முதலில் பழைய பேப்பரில் வெட்டிப் பார்க்கலாம் என்று அவள்தான் சொன்னாள். விசிறி மடிப்பாக மடித்து, மேல் மடிப்பில் பொம்மையை வரைந்து கொடுத்தாள். அவர் பிளேடு பாக்கெட் வெட்டுகிற பழைய கத்தரியை எடுத்தார். எத்தனை ஆயிரம் தலை பார்த்த கை! ஆனால் தாளில் தடுமாறியது. தலை அசையாமல் இருக்க, சுற்றிச் சுற்றி வந்து வெட்டிப் பழகியவர். இங்கேயும் கத்தரியைத்தான் சுற்றினார்.

"தாளத் திருப்புங்கப்பா. கத்தரி அங்கேயே இருக்கட்டும்."

திருப்பினார். வெட்டி முடித்து விரித்தால், பொம்மைகள் ஒவ்வொன்றாக அவர் மடியில் உதிர்ந்தன. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"மடிப்புல இருக்குற கைய வெட்டக் கூடாதுப்பா. அத வெட்டினா எல்லாரும் தனித்தனியாப் போயிருவாங்க."

மிஸ் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். அவர் சிரிப்பு அடங்கிப் போனது. நீலத்தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் பார்க்காமல் கேட்டார்: "எத்தனை பேர் பாப்பா?"

"மூணு."

யோசிக்காமல் சொன்னாள். அவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சிலேயே கண்ணும் கலங்கியது. பிள்ளை மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டாள், இருக்கிறவர்களை எண்ணப் பழகிவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவரும், அவளும், தம்பியும். சரியான கணக்கு. ஆனாலும் ஒருத்தி இவ்வளவு சீக்கிரம் கணக்கிலிருந்து போய்விடுவாளா என்று எனக்கே தோன்றியது.

இந்த முறை தாளைத் திருப்பித் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். மூன்று பேரும் கைவிடாமல் வந்தார்கள். ஓரத்தில் ஒரு துண்டு மிஞ்சியது. அவள் பொம்மைகளை ஸ்டூலில் பரப்பி, பென்சிலை எடுத்து முகம் வரைய ஆரம்பித்தாள். ஓரத்துப் பொம்மைக்கு நீளமாகப் பின்னல் போட்டாள்.

"இது நீயா?" என்றார்.

"இல்ல, அம்மா. நடுவுல இருக்கறதுதான் நான். அந்தப் பக்கம் தம்பி."

எத்தனையோ மாதம் கழித்து அந்த வார்த்தை வந்துவிட்டது. அதைக் கேட்டதற்குச் சந்தோஷப்படவும் அவருக்கு வழியில்லை.

"அப்பா எங்க பாப்பா?"

"நீங்க கடையில இருக்கீங்க."

குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது, மணி அடித்தது என்பதுபோல் சொன்னாள். அவள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் தினமும் சொல்லப்பட்ட பதில் அதுவாகத்தான் இருக்கும். என் வீட்டிலும் இதே கதைதான். அப்பா டிரிப்புல இருக்காரு. நான் குனிந்து என்மேல் போர்த்தியிருந்த துணியில் கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னே பார்த்தால் கண்ணாடி; அதில் அவர் முகம்.

அவர் மிஞ்சிய துண்டை எடுத்தார். அலமாரியிலிருந்து கத்தரியையும் எடுத்தார். முடி வெட்டுகிற நல்ல கத்தரி. தாள் பட்டால் கூர் மழுங்கிவிடும் என்று யாரையும் தொடவிடமாட்டார். "அண்ணே, அது..." என்று ஆரம்பித்தேன். அவர் காதில் விழவில்லை. ஒரே ஒரு பொம்மை வெட்டினார். துண்டு சின்னது என்பதால் பொம்மையும் குள்ளம்.

"இவரையும் சேத்துக்கலாமா?"

அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். குள்ள அப்பாவைப் பார்த்து லேசாகச் சிரிப்பு வந்தது. பையிலிருந்து பசையை எடுத்து, ஒரு கையைத் தம்பியின் கையோடு ஒட்டினாள். பிறகு எதையோ யோசித்தாள். "அம்மாவுக்கு ஒரு கை சும்மாவே இருக்கே" என்று சொல்லி, வரிசையை வளைத்து வட்டமாக்கி, அவருடைய இன்னொரு கையை அம்மாவின் கையில் கொண்டுவந்து வைத்தாள். பள்ளிக்கூடத்துப் பசை, தண்ணீராக இருந்தது. தம்பி பக்கம் நின்றது. அம்மா பக்கம் மட்டும் பிரிந்து பிரிந்து வந்தது.

"இங்க புடிங்கப்பா. காயுற வரைக்கும் விடாதீங்க."

ஸ்டூலின் முன்னால் மண்டியிட்டு, இரண்டு விரலால் அந்தக் கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் தாடையை ஸ்டூலில் வைத்து, விரலுக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டு காவல் இருந்தாள்.

"பாப்பா" என்றார். "சித்தி கூடப் போய் இருக்கியா?"

"பேசாதீங்கப்பா. கை ஆடுது."

அவர் விரலை இன்னும் அழுத்திக்கொண்டார். எனக்குக் கழுத்தெல்லாம் முடி குத்தியது. டிரிப்புக்கு நேரமாகிவிட்டது, டிரைவர் ஸ்டாண்டில் என் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருப்பான். நான் பாதித் தலையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பசை எப்போதோ காய்ந்திருக்கும். அவர் விரலை எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.