மூன்று மணி நேரக் கல்யாணம், ஒரே சீடி

கமலாசனியின் கல்யாண வீடியோவை ஒரே சீடிக்குள் அடக்கிக் காட்டியவன் நான்தான். அதைப் பெரிய கெட்டித்தனமென்று இருபது வருசமாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். போன மாசம் சுப்பம்மா அந்தச் சீடியை என் ஸ்டூடியோ மேசையில் கொண்டுவந்து வைத்தபோதும், அதைத்தான் முதலில் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

சுப்பம்மா மலையகத்துப் பக்கத்தால் எழுபத்தேழுக் கலவரத்தோடு வந்து ஸ்கந்தபுரத்தில் இருக்கிறவர். கமலாசனியின் தகப்பன் கதிர்காமநாதனின் வயலில் களை பிடுங்கி, அரிவி வெட்டியே காலம் போய்விட்டது. லண்டனிலிருந்து லீவில் வந்த கமலாசனிதான் சீடியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"தம்பி, இதுக்குள்ள எம் புள்ள நிக்கிதாம். மொகத்த மட்டும் பெருசாக்கி ஒரு படம் போட்டுக் குடுங்க."

"உங்களிட்ட வேற படம் ஒண்டும் இல்லையோ அக்கா?"

"எல்லாம் ஒரு பையில இருந்திச்சு. கடைசிச் சண்டையில மாத்தளன்ல பையி போயிருச்சு. அடுத்த கெழம புள்ளயும் போயிருச்சு."

தண்ணீர் எடுக்கப் போன மகள் சுமித்திரா திரும்பி வரவில்லை. அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. அடையாள அட்டை அவள் கையோடு போய்விட்டது. படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு கடதாசியும் மிஞ்சவில்லை.

"காணாமப் போனவங்களக் கேட்டு ஒக்காந்திருக்கிற வீதியோரப் பந்தல்ல எல்லாரும் புள்ளைங்க படத்த வச்சிருக்காங்க. எனக்கு அதுகூடப் பெருசில்ல தம்பி. மொகம் மறந்துக்கிட்டு வருது. முன்னெல்லாம் கண்ண மூடினா வந்து நிப்பா. இப்ப சட்ட தெரியுது, சடை தெரியுது. மொகம் வரமாட்டேங்குது."

இப்படி ஏதும் கேட்டால் நான் யாரையாவது ஏசுவேன்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய் கஜனி? கெதியா அதைப் போடு!" என்று என்னிடம் வேலை செய்யும் பெட்டையில் பாய்ந்தேன். அவள் என் சத்தத்துக்குப் பழகினவள். சீடியைத் துடைத்துப் போட்டாள்.

அந்தக் காலத்து நாதஸ்வரச் சத்தம் கடையைப் பிளக்கும் என்று ஒலியை நிறுத்திவிட்டு, படத்தை மட்டும் ஓட்டித் தேடினோம். நாற்பத்தோராவது நிமிசத்தில் சுப்பம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அந்தா! அந்தா நிக்கிறா!"

மணவறைக்குப் பின்னால், நீலப் பஞ்சாபி உடுப்புப் போட்டுக்கொண்டு, பூத்தட்டைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். கஜனி படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தாறு சதுரங்கள் இருந்தன. இரண்டு பழுப்பு, மற்றவை கறுப்பு. கண்ணுமில்லை, மூக்குமில்லை.

"இன்னங் கொஞ்சம் பெருசாக்குங்க தம்பி."

பெரிதாக்கினோம். சதுரங்கள்தான் பெரிதாகின.

"என்னா தம்பி இது?"

இதை விளங்கப்படுத்துவது என் தொழில். "அக்கா, வீடியோவில ஒரு செக்கனுக்கு இருபத்தைஞ்சு படம். அவ்வளத்தையும் முழுசா எழுத இந்தச் சீடியில இடமில்லை. அரைச் செக்கனுக்கு ஒருக்கா ஒரு படத்தைத்தான் முழுசா எழுதும். இடையில வாற படங்களில அசைஞ்சது, மாறினது எதுவோ அதை மட்டும் எழுதும். மற்ற இடமெல்லாம் முதல் இருந்ததுதான். விதானையார் ஊராக்களின்ர பதிவுப் புத்தகத்தில முதல் வரியில விலாசத்தை எழுதிப்போட்டு, கீழ மேற்படி மேற்படி எண்டு எழுதிக்கொண்டு போறவர் எல்லே, அப்பிடி."

"அப்ப மொத வரியில மொகம் இருக்கணும்ல?"

கேள்வியைப் பாருங்கள்.

முதல் வரியிலும் இருக்கவில்லை. முழுப்படத்தையும் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டித்தான் எழுதும். நிறத்தைக் கண் அவ்வளவு கவனிக்காது என்று அதில் காற்பங்குதான் வைத்திருக்கும். இடம் காணாவிட்டால் ஒவ்வொரு சதுரத்திலும் நுணுக்கமானதை முதலில் கழிக்கும். இமை, மூக்குத்தி, உதட்டுக்கோடு எல்லாம் போகும். இன்னும் இறுக்கினால் சதுரத்தின் பொதுநிறம் மட்டும்தான் மிஞ்சும்.

"மெசின் அப்பிடித்தான் அக்கா கழிக்கும்" என்றேன். அது அரை உண்மை.

ஒரு சீடிக்குள் ஒழுங்காக அடங்குவது எழுபது நிமிசத்துக்குக் கொஞ்சம் மேல். கமலாசனியின் கல்யாணம் மூன்று மணி நேரம். மூன்று சீடி கேட்டிருக்கும். "மயில்வாகனம், வெளியில கொண்டுபோகேக்க சோதனைச் சாவடியில ஒவ்வொரு சீடிக்கும் ஒவ்வொரு கேள்வி கேப்பாங்கள். ஒண்டாத் தா" என்று கதிர்காமநாதன் சொன்னார். நானும் சீடியில் படத்துக்குக் கொடுக்கும் இடப்பங்கைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். பொம்பிளை மாப்பிள்ளை முகம் கிட்டத்தில் எடுத்தது, அதனால் தப்பியது. பின்னால் நின்றவர்களை நான் பார்க்கவேயில்லை. அந்த நாளில் புதுக் கசெற்றுக்கு எங்கே போவது? மூலக் கசெற்றின் மேலேயே அடுத்த கிழமை ஒரு பெட்டையின் சாமத்தியச் சடங்கை எடுத்துவிட்டேன்.

கஜனிக்கு மனம் கேட்கவில்லை. கணினி தானாக முகத்தைத் திருத்தித் தரும் புதுமுறை ஒன்று இருக்கிறதென்று சொல்லி, அந்தச் சதுரங்களை அதற்குள் போட்டாள். ஐந்து நிமிசத்தில் ஒரு முகம் வந்தது. பளிங்கு மாதிரிக் கன்னம், அழகான கண். அச்சடித்து சுப்பம்மாவின் கையில் கொடுத்தாள்.

சுப்பம்மா அதை வெளிச்சத்தில் பிடித்தார். தள்ளிப் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவளா தம்பி? எனக்குச் சரியாத் தெரியல்ல. நீங்க சொன்னா சரி."

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்தக் கிழவி ஒரு முகத்தோடு வீட்டுக்குப் போயிருக்கும். ஐயோ, என்னால் முடியவில்லை.

"இல்லை அக்கா. இது கணினி தன்ர எண்ணத்துக்குக் கீறினது. உங்கட பிள்ளையின்ர முகத்தைக் கழிச்சவன் நான்தான்." சாவடிக் கதையையும் கசெற்றுக் கதையையும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அவர் ஏசுவார் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அப்ப நீங்கதானே கமராவுல பாத்தீங்க. நீங்க சொல்லுங்க தம்பி, எப்புடி இருந்தா?"

எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. ஒரு மயிரிழைகூட இல்லை. அவருடைய கண்ணைப் பார்க்க ஏலாமல் கணினிப் பக்கம் திரும்பி, அந்த இடத்தைத் திரும்ப ஓட்டினேன். இந்தமுறை ஒலியையும் திறந்தேன். படத்தின் பங்கைத்தான் நான் குறைத்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து காசு கொடுத்துப் பிடித்த மேளம், அதன் சத்தத்தில் கைவைக்கக் கூடாதென்று கதிர்காமநாதன் கட்டளை.

மேளம் ஓய்ந்தது. அந்த இடைவெளியில், கமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கணீரென்று கேட்டது.

"ஏய், நீலப் பஞ்சாபி! படத்துக்குள்ள நிக்காமல் அங்கால போ பிள்ளை! உன்னைப் படமெடுக்கவோ நான் வந்தனான்?"

என் குரல்.

பிறகு, சிரிப்பும் வெட்கமுமாக ஒரு பெண் குரல்: "ஓம் அண்ணை, போறன்."

நீலநிறச் சதுரங்கள் படத்தின் ஓரத்துக்கு நகர்ந்து வெளியே போயின.

கஜனி வாயைப் பொத்திக்கொண்டாள். சுப்பம்மா மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"அது எம் புள்ள" என்றார். "வீட்டுல எங்க பேச்சு, வெளிய வந்தா ஒங்க பேச்சுத்தான் பேசுவா. அது எம் புள்ளதான். நீங்க சொல்லத் தேவல்ல."

என் பக்கம் திரும்பி, "அதட்டுனது நீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா."

"திரும்பப் போடுங்க."

போட்டேன். எத்தனை தரம் போட்டேனென்று தெரியாது. ஒவ்வொரு தரமும் முதலில் நான் அதட்டினேன், பிறகு அவள் பதில் சொன்னாள். கடைசியில் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, என்ர சத்தத்தை வெட்டிப்போட்டு, பிள்ளையின்ர குரலை மட்டும் உங்கட போனில ஏத்தி விடுறன். வெட்டலாம், சுகமான வேலை."

"வேணாம் தம்பி. அதையும் வெட்டிப் போடாதீங்க. ஒங்க சத்தம் இல்லாட்டி அவ தனியாப் பேசுறாப்புல இருக்கும். யாராச்சும் ஒருத்தர் அவகூடப் பேசணும்ல."

அப்படியே ஏற்றிக் கொடுத்தேன். கஜனி அச்சடித்த படத்தைச் சுப்பம்மா மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து பந்தலடியால் மோட்டார் சைக்கிளில் வந்தேன். சுப்பம்மா ஓரமாக இருந்து, போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். நான் நிற்பாட்டவில்லை. அந்தக் காதுக்குள் பிள்ளையின் குரலுக்கு முந்திக் கேட்பது என் குரல்தான்.