கண்ணுக்குத் தெரியாத பொட்டு

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர ஆய்வுக்கூடத்தில் விப்கே அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவேயில்லை. புற ஊதா லேசரை நேர்படுத்தக் கழிவுத் துண்டைத்தான் வைக்க வேண்டும். அங்கே முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் அது. சோம்பேறித்தனம் யாரை விட்டது? காலையில் அவள், சக ஆய்வாளன் டீலோவின் பிளாஸ்டிக் வட்டத்தின் மேலேயே பலம் குறைத்துச் சுட்டுப் பார்த்துவிட்டாள். உருப்பெருக்கியில் ஒரு கீறல்கூட இல்லை. அப்பாடா என்று காபியை எடுத்தவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

அந்தப் பிளாஸ்டிக் பொல்லாதது. லேசரின் முதல் அடிகளை வாங்கிக்கொண்டு சாதுவாக இருக்கும், உள்ளுக்குள் மட்டும் மாறிப்போகும். பிறகு முழு பலத்தோடு ஒளி விழுந்தால், அந்த இடம் மட்டும் ஆழமாகக் குழிந்துவிடும்.

டீலோ ஒரு வருஷமாக வார்த்ததில் குமிழியில்லாமல் தேறியது இந்த ஒன்றுதான், ஒரு நாணய அளவு. ஒரே ஆழத்தில் இதில் ஒரு கோடு வெட்டிக் காட்டினால்தான் அவனுக்கு முனைவர் பட்டம்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? ஆரம்பிக்கலாமா?" என்றான் டீலோ. அவன் நெற்றியிலும் வியர்வை.

"நாளைக்குப் பண்ணலாமே."

"உன் கேக் மாதிரியா? அதுவும் நாளைக்கு நாளைக்குன்னுதான் ஓடுது."

எதையாவது கெடுத்தவர் எல்லோருக்கும் கேக் சுட்டு வர வேண்டும் என்பது அந்தக் கூடத்து வழக்கம். போன மாதம் லென்ஸை உடைத்த விப்கே இன்னும் சுடவில்லை.

அவன் வட்டத்தைப் பொருத்தினான். பேசாமல் இருந்துவிட்டால் பிளாஸ்டிக்கின் மேல் பழி போய்விடும், யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்ததற்கே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. அவன் விரல் பொத்தானுக்குப் போனது.

"டேய், நிறுத்து! காலையில அதுமேலயே சுட்டுட்டேன். எந்த இடம்னுகூட ஞாபகமில்ல."

டீலோ வட்டத்தைக் கழற்றி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சின்ன ஊதா விளக்கைப் பிடித்தான். மாறிப்போன இடம் அந்த வெளிச்சத்தில் மினுங்கும். ஓரத்தில் ஒரு பொட்டு மினுங்கியது. எதிர்ப்பக்கம் இன்னொன்று.

"நான் ஒரு இடத்துலதானே சுட்டேன்?"

டீலோவின் காது சிவந்துவிட்டது.

"அது நேத்து நான். எப்படி உங்கிட்ட சொல்றது? தினமும் உனக்குப் பாடம் எடுக்கறதே நான்தான். கோடு அதுமேல படாம போயிடும்னு நெனச்சேன்."

திட்ட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். இருவரும் குனிந்து அளந்தார்கள். சாய்த்து வைத்தால் இரண்டு பொட்டுக்கும் நடுவே கோடு மயிரிழையில் போகும். வட்டத்தை அப்படியே பொருத்திவிட்டு, டீலோ பொத்தான்வரை போய்க் கையை எடுத்துக்கொண்டான்.

"நீ அமுக்கு. என்னால பாக்க முடியாது."

அவள் அமுக்கினாள். டக் டக்கென்று லேசர் அடிக்க, கணினித் திரையில் கோடு ஊர்ந்தது. முதல் பொட்டைத் தாண்டியது. இரண்டாவதை உரசுவது போல் போய், உரசாமல், மறுமுனையில் நின்றது.

ஆழத்தை அளந்து பார்த்தாள். எங்கும் ஒரே ஆழம்.

டீலோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கேக் நான் சுடறேன்," என்றான்.