நாக்கு மாஸ்டரும் புதுத் தண்ணீரும்

சாயப்பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாக்கு மாஸ்டர்தான். காலையில் தொட்டியில் தண்ணீர் விழுந்ததும் விரலை நனைத்து நாக்கில் வைப்பார். அதற்குப் பிறகுதான் சாயத்துக்கு உப்பு எவ்வளவு, சோடா எவ்வளவு என்று சொல்வார். அதில் மறுபேச்சு கிடையாது.

பட்டறையில் அவருக்குப் பாதிப் பங்கு, அண்ணனுக்குப் பாதி. அண்ணன் வேனில் துணி ஏற்றிப் போவார், வருவார். மற்றபடி போன், பில், வரி, சண்டை எல்லாம் அண்ணி.

தண்ணீர்க் கம்பெனியை மாற்றக் கிளம்பியதும் அண்ணிதான். தொழில் நடத்துகிறவர்கள் இனிமேல் தங்களுக்குப் பிடித்த கம்பெனியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று விதி வந்திருந்தது. பழைய கம்பெனி மேல் அவளுக்குத் தீராத எரிச்சல். குழாயில் அழுத்தம் குறைந்து தொட்டி நிரம்பாமல் கிடந்தபோது அவர்கள் போனில் பாட்டுதான் கேட்டது, ஆள் குரல் கேட்கவில்லை.

மூன்று கம்பெனிகளிடம் விலை விசாரித்தாள். பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் சொந்தமாக ஒரு பரீட்சை வைத்தாள். சாப்பாட்டு நேரம் பார்த்து மூன்று பேருக்கும் போன் போட்டாள். ஒரே ஒரு கம்பெனியில்தான் ஒரு பெண் எடுத்தாள். வாயில் சோறு வேறு இருந்தது.

"பிடிக்கலைன்னா நடுவுல விலகிக்கலாமா?"

"ஒரு மாசம் முன்னாடி சொன்னாப் போதும் மேடம்."

அண்ணி முடிவு செய்துவிட்டாள். ஆனால் ஒப்பந்தத்தில் இரண்டு பங்குதாரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டார். மாஸ்டர் பேனாவைத் தொடவில்லை.

"எதுக்கு அண்ணி மாத்தணும்? இந்தத் தண்ணிக்கு என் கை பழகிப்போச்சு."

குழாய் அதேதான், தண்ணீரும் அதேதான், பில் போடுகிறவர்களும் போன் எடுக்கிறவர்களும்தான் மாறுவார்கள் என்று அந்தப் பெண் அண்ணியிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள். அதைக் கொழுந்தனுக்கு விளக்கி மாளாது என்று அண்ணிக்குத் தோன்றியது.

"இவங்க தண்ணி இன்னும் நல்ல தண்ணி தம்பி. உப்பே இருக்காதாம்."

மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். அண்ணி மீட்டரையும் போட்டோ எடுத்து ஒப்பந்தத்தோடு அனுப்பிவைத்தாள்.

மாற்றம் முதல் தேதி என்று பேச்சு. அன்று காலை விரலை நாக்கில் வைத்து மாஸ்டர் கண்ணை மூடினார். "ஆமா அண்ணி. வேற தண்ணிதான். சப்புன்னு இருக்கு."

"அப்படியா?" என்றாள் அண்ணி, தலை நிமிராமல்.

அன்றைக்குப் பள்ளிச் சீருடைத் துணி. நீலம். துணிக்கடைக்காரர் கொடுத்த மாதிரித் துண்டோடு இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். நிறம் மாறினால் அடுத்த வருஷம் வேறு பட்டறை என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். பட்டறையில் பாதி வேலை அந்த ஒரு ஆர்டர்.

மாஸ்டர் புதுத் தண்ணீருக்குத் தோதாக உப்பை ஏற்றினார், சோடாவைக் குறைத்தார்.

மதியம் காய்ந்த துணியை ஜன்னலோரம் மாதிரியோடு சேர்த்துப் பிடித்தார்கள். மாதிரி பளிச்சென்ற நீலம். இது பேனா மை போல இருண்டிருந்தது.

"இதைப் போட்டா பிள்ளைங்க எல்லாம் வாட்ச்மேன் மாதிரி இருக்கும்," என்றார் அண்ணன்.

"நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார் மாஸ்டர். "தண்ணி மாறினா சாயம் மாறும்."

அண்ணன் மனைவியைப் பார்த்தார். "நாளைக்குக் கடைக்காரர் வந்து நிப்பார். பேசாம பழைய கம்பெனிக்கே திரும்பிடும்மா. நமக்கு எதுக்கு வம்பு?"

அண்ணி போனை எடுத்தாள். துணி அலசிய ஈரம் காயாத கையெல்லாம் நீலம். புதுக் கம்பெனிக்கு அடித்து, மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அதே பெண்தான் எடுத்தாள்.

"கம்பெனி மாத்தினதை ரத்து பண்ணணும்மா."

"இன்னும் மாத்தவே இல்லையே மேடம். மீட்டர் போட்டோ அனுப்பினீங்கள்ல, கண்ணாடி மேல ஒரே நீலக் கறை. நம்பரே தெரியல. துடைச்சிட்டு வேற அனுப்பச் சொல்லி மெசேஜ் போட்டோமே. அதுவரைக்கும் நீங்க பழைய கம்பெனிதான்."

அண்ணி ஸ்பீக்கரை அணைக்கப் பார்த்தாள். ஈர விரலுக்குத் திரை மசியவில்லை.

"மாத்தினாலும் தண்ணி அதேதான் மேடம். அன்னைக்கே சொன்னேனே."

மாஸ்டர் துணி பிழியும் மிஷினை நிறுத்தினார்.

"நல்ல தண்ணின்னு சொன்னீங்களே அண்ணி," என்றார் மாஸ்டர்.

"நீங்க நாக்குல வெச்சு ஆமான்னீங்களே தம்பி."

அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வேனைக் கழுவணும்," என்று நழுவினார். அண்ணி விடவில்லை. கெட்டுப்போனதற்கு ஈடாக வெள்ளைத் துணி வாங்கிவர அனுப்பினாள். கெட்ட துணி கறுப்புச் சாயத்தில் முங்கி வேறு யாருக்கோ போனது.

மறுநாள் விடிந்ததும் மாஸ்டர் பழைய அளவிலேயே உப்பைக் கொட்டினார். விரலை நனைக்கவில்லை. மாலையில் வந்த கடைக்காரர் துணியை வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், மாதிரித் துண்டை அதன் மேல் போட்டார். துண்டு எது என்று அவரே தேட வேண்டியிருந்தது. "ஏத்துங்க," என்றார்.

அண்ணி மீட்டர் கண்ணாடியை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து மறுபடி போட்டோ எடுத்து அனுப்பினாள். அடுத்த வாரம் ஒரு காலை மெசேஜ் வந்தது: இன்று முதல் உங்கள் தண்ணீர் நிறுவனம் நாங்கள். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

தொட்டியோரம் மாஸ்டர் விரலை நாக்கில் வைத்திருந்தார்.

"எப்படி இருக்கு தம்பி?"

மாஸ்டர் போனைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். "முதல்ல நீங்க சொல்லுங்க அண்ணி. அப்புறம் நான் சொல்றேன்."

"கம்பெனி இன்னைக்கு மாறிடுச்சு," என்றாள். "தண்ணி அதேதான்."

"அப்போ உப்பும் அதேதான்," என்று மாஸ்டர் அளவு மக்கை எடுத்தார்.