வீட்டில் எத்தனை பேர்

ஆரம்பாக்கத்தில் பரசுராமன் ஒன்று சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில் ஒரு நாள் முற்பகலில் ஒரு பெண் வந்து நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். பூமிகா என்று பெயர் சொன்னாள். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஜனங்களின் அன்றாட வாழ்க்கையை என்ன செய்திருக்கின்றன என்று வீடு வீடாகக் கருத்துக் கேட்கிறார்களாம்.

"கேளு" என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானா ஆளப் பார்த்துக் கேக்கக் கூடாது சார். ஊட்ல இருக்கிற பெரியவங்கள்ல யாருக்குப் பொறந்தநாள் அடுத்து வருதோ, அவங்களத்தான் கேக்கணும். இல்லாட்டி எல்லா ஊட்லயும் ஆம்பளைங்களே பேசிடுறாங்க."

"நல்ல ரூலுதான்" என்றாள் தண்ணீரோடு வந்த அவர் மனைவி குணசுந்தரி. "இந்த ஊட்டுக்குன்னே போட்டாப்புல கீது. அடுத்தது நம்ம திலகா..."

பரசுராமன் பார்த்த பார்வையில் பேச்சு பாதியில் நின்றது.

உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அதற்குப் பின்னால்தான் மகள் திலகவதி இருந்தாள். போன வருஷம் அவருக்கு மஞ்சள்காமாலை முற்றி, பிழைப்பாரோ மாட்டாரோ என்று கிடந்தபோது பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டவள் அவள். அவர் தேறியதும் வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வந்தாள். ஈரத்துணிமேல் வேப்பிலையோடு நடந்தவளை எவனோ போனில் வீடியோ பிடித்து, பாட்டுப் போட்டு இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிட்டான். கீழே கண்டவனும் எழுதியிருந்ததை டீக்கடையில் மைத்துனன் வெங்கடேசன்தான் காட்டினான். மறுநாளே கும்மிடிப்பூண்டி கம்பெனி வேலைக்கு அவளைப் போகவேண்டாம் என்றார். அதோடு அவள் முகம் பார்த்துப் பேசுவதையும் விட்டார். குற்றம் அவளுடையதல்ல என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஊர் வாயில் விழுந்தது இந்தக் குடும்பத்துப் பெயரல்லவா.

இப்போது அவளைக் கூப்பிட்டால் முதல் கேள்வியிலேயே எல்லாம் வெளியே வந்துவிடும்.

"அவ வேற யாரயோ சொல்றா. ஊட்ல நானும் என் பொஞ்சாதியும்தாம்மா. எனக்குத்தான் அடுத்து வருது. எழுதிக்கோ."

"சரி சார். இதால உங்க ஊட்ல யாருக்காவது மனக்கஷ்டம்?"

"இல்ல."

"யாராவது வேலைய, படிப்ப உட்டாங்களா?"

"இல்ல."

"வெளிய போக வர பயம், கூச்சம்?"

"எங்க ஊட்ல அதெல்லாம் கெடையாது."

"குடுத்து வச்சவங்க சார்" என்று சிரித்தாள் பூமிகா. "காலைலேர்ந்து போன ஊட்லல்லாம் ஒரே பேஜாரு."

அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள். குணசுந்தரி செம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஏதாவது சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தார்.

வெகுநேரம் கழித்து எழுந்து உள்ளறைக்கு எதிரே போய் நின்றார்.

"திலகா... சாப்டியாமா?"

"அப்படி யாரும் இந்த ஊட்ல இல்லியே நைனா."

குரலில் கோபம் இல்லை. கோபமாயிருந்தால் அதட்டியிருப்பார், அது அவருக்குக் கைவந்தது. கதவில் கை வைத்தார். உள்ளேயிருந்து அது மெல்ல மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.